சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்கள்: கிள்ளான் 1941 கோரிக்கைகளும் இன்றைய அந்நியத் தொழிலாளரும்

முன்னுரை

காலனித்துவ ஆட்சி ஒரு நாட்டை விட்டு நீங்கும்போது எதை விட்டுச் செல்கிறது என்று கேட்டால், இரயில் பாதை, நீதிமன்றம், ஆங்கிலக் கல்வி, இரப்பர்த் தோட்டம் என்று பள்ளியில் படித்தவற்றை அடுக்குவோம். கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒன்றும் உண்டு. யார் முன்னிலையில் யார் எழுந்து நிற்க வேண்டும், யார் உட்காரலாம், யாருக்குப் பெயர் உண்டு, யாருக்கு இல்லை என்னும் வரிசைமுறைதான் அது. ஆட்சி மாறிய பிறகும் இந்த வரிசைமுறை மாறாமல் இருக்கலாம். மேலே உட்கார்ந்திருப்பவரும் கீழே நிற்பவரும் மட்டும் மாறியிருப்பார்கள்.

இதை ஆராய, இக்கட்டுரையில் நான் ஒரு பட்டியலை எடுத்துக்கொள்கிறேன். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தமிழ்த் தொழிலாளர்கள் முன்வைத்த 12 கோரிக்கைகள் அதில் உள்ளன. மலாயாத் தொழிற்சங்க வரலாற்றை எழுதியவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நம் சமூக வரலாற்றைப் பேசும் மேடைகளில் கிள்ளான் வேலைநிறுத்தம் அவ்வப்போது குறிப்பிடப்படுவதுண்டு. ஆனால் அப்பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்து, அதே கிள்ளான் பள்ளத்தாக்கின் இன்றைய நிலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. அந்த ஒப்பீடே இக்கட்டுரையின் நோக்கம்.

தொழிலாளி அந்நியனாக இருந்த காலம்

முதலில் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். 1941இல் வேலைநிறுத்தம் செய்தவர்கள் இந்நாட்டுக் குடிமக்கள் அல்லர். சட்டத்தின் பார்வையில் அவர்கள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கூலிகள்.

ஒப்பந்தக் கூலி முறையில் ஆள் சேர்ப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி முறை மேலோங்கியது. தோட்ட நிருவாகம் கங்காணியைத் தமிழ்நாட்டிலுள்ள அவருடைய ஊருக்கே அனுப்பி, உறவினரையும் ஊராரையும் அழைத்துவரச் செய்தது. வந்து சேர்ந்தவர்களுக்கு லயத்தில் வீடு, காலையில் பிரட்டு, பிறகு பால்வெட்டு. மேலே பெரிய துரை, சின்ன துரை. நடுவில் கிராணி, கங்காணி. தோட்டத்தின் எல்லைதான் உலகத்தின் எல்லை.

கிராணிமாரில் பலர் மலையாளிகள் அல்லது யாழ்ப்பாணத் தமிழர்கள். ஆங்கிலம் அறிந்த அவர்கள் துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே நின்றார்கள். துரையின் அதிகாரம் பெரும்பாலும் இவர்கள் வழியாகவே தொழிலாளியை வந்தடைந்தது. 1941ஆம் ஆண்டுப் பட்டியல் அத்தகைய உத்தியோகத்தரைக் ‘கறுப்பு ஐரோப்பியர்’ என்று குறிப்பிடுகிறது. இச்சொல்லுக்குப் பின்னர் மீண்டும் வருவேன்.

பன்னிரண்டு கோரிக்கைகள்

கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தை முன்னின்று நடத்தியவர் ஆர்.எச். நாதன். 1924 முதல் 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேசன்’ நாளிதழில் துணையாசிரியராகப் பணியாற்றியவர். அவருக்குத் துணையாக நின்றவர் ஒய்.கே. மேனன். போர்க் காலத்தில் இரப்பரின் தேவை பெருகித் தோட்ட முதலாளிகளுக்கு நல்ல வருவாய் கிடைத்தது. தமிழ் ஆண் தொழிலாளிக்கோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 காசுதான் கூலி. சீனத் தொழிலாளி அதைவிடக் கூடுதலாகப் பெற்றார்.

அவர்களின் 12 கோரிக்கைகளையும் படிக்க எளிதாக நான்கு பிரிவாக்கிக் கொள்கிறேன்.

முதலாவது, உழைப்பு தொடர்பானவை. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும்.

இரண்டாவது, வாழ்க்கை தொடர்பானவை. பிள்ளைகளுக்கு முறையான கல்வி, தக்க மருத்துவ வசதி ஆகியன வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோக அனுமதி வேண்டும்.

மூன்றாவது, மானம் தொடர்பானவை. கொடுமை செய்யும் உத்தியோகத்தரை நீக்கித் தமிழ் பேசுவோரை அமர்த்த வேண்டும். தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் ஐரோப்பியரும் ‘கறுப்பு ஐரோப்பியரும்’ முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். துரையோ உத்தியோகத்தரோ எதிரில் வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

நான்காவது, குரல் தொடர்பானவை. பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் வேண்டும். குறைகளை எடுத்துச் சொல்பவர்களைப் பழிவாங்கக் கூடாது. தங்கள் நலன் காக்கச் சங்கம் அமைக்க அனுமதி வேண்டும்.

பட்டியலில் கூலி பற்றியது ஒன்றே. மற்ற பதினொன்றும் மனிதனாக நடத்தப்படுவதைப் பற்றியவை. சைக்கிள் கோரிக்கையை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதை நிறைவேற்ற முதலாளிக்கு ஒரு காசும் செலவில்லை. இருந்தும் அதைக் கேட்டு வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அப்படியானால், இறங்கி நிற்கும் அந்தச் செயல்தான் துரையைத் துரையாக வைத்திருந்தது என்று பொருள். தொழிலாளர் இதை நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்கள்.

நாடு கடத்தல் என்னும் ஆயுதம்

மார்ச் மாதம் தொடங்கிய வேலைநிறுத்தங்களின் விளைவாகக் கூலியில் ஓரளவு உயர்வு கிடைத்தது. ஆனால் மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர்கள் மீண்டும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். போராட்டம் கிள்ளானைத் தாண்டி சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவியது. அரசு அவசர நிலையை அறிவித்து இராணுவத்தைக் கொண்டுவந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். பலர் நாடு கடத்தப்பட்டனர். நாதன் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். ஏறத்தாழ ஏழு மாதங்களில், 1941 டிசம்பர் 8ஆம் நாள், ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. கிள்ளான் போராட்டம் அந்தப் பேரிடியின் ஓசையில் மறைந்துபோனது.

இங்கே கவனிக்க வேண்டியது ஆட்சியின் கையில் இருந்த ஆயுதம். துப்பாக்கி சில நாட்களுக்குத்தான் பயன்பட்டது. நாடு கடத்தும் அதிகாரமோ எப்போதும் கையில் இருந்தது. அந்நியனாகிய தொழிலாளி நியாயம் கேட்டால், கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவனைக் கப்பலேற்றிவிட்டால் போதும்.

விடுதலைக்குப் பின்னும் இந்த ஆயுதம் நம்மைத் தொட்டது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதி பெற வேண்டும் என்றாயிற்று. 1969இல் அது நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமை பெறாதிருந்த தோட்டத் தமிழர் பல்லாயிரவர் வேலையிழந்து தமிழ்நாட்டுக்குத் திரும்பினர். இன்று வங்காளதேசியும் நேப்பாளியும் கையில் வைத்திருக்கும் வேலை அனுமதியின் வரலாற்றில் நம் பாட்டன்மாரின் கண்ணீர் கலந்திருக்கிறது.

இலண்டன் வரை சென்ற வழக்கு

காலனித்துவம் செய்த அநீதிக்கு நியாயம் யாரிடம் கேட்பது? இக்கேள்விக்கு நம் தலைமுறை கண்ட பெரிய விடை 2007இல் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாத இறுதியில் இண்ட்ராப் இயக்கத்தின் சார்பில் இலண்டனில் பிரிட்டிஷ் அரசுக்கு எதிராக வழக்குத் தொடுக்கப்பட்டது. தமிழர்களைக் கூலிகளாகக் கொண்டுவந்து, விடுதலையின்போது பாதுகாப்பின்றி விட்டுச் சென்றதற்காக 4 டிரில்லியன் அமெரிக்க டாலர் இழப்பீடு கோரப்பட்டது. நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூரில் பிரிட்டிஷ் தூதரகத்திடம் மனு அளிக்கத் திரண்ட கூட்டத்தைக் கண்ணீர்ப்புகையும் நீர்ப்பீரங்கியும் எதிர்கொண்டன. டிசம்பரில் இயக்கத்தின் தலைவர்கள் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் தடுத்து வைக்கப்பட்டனர். அந்தப் பேரணி நாட்டின் அரசியலையே அசைத்தது. ஆனால் வழக்கு எந்த இழப்பீட்டையும் பெற்றுத் தரவில்லை.

சிலாங்கூரிலேயே இன்னொரு வழக்கும் உண்டு. 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் ஆயுதம் ஏந்தாத 24 சீனர்களைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றனர். பொது விசாரணை வேண்டும் என்று குடும்பத்தினர் தொடுத்த வழக்கைப் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2015 நவம்பரில் தள்ளுபடி செய்தது. காலம் கடந்துவிட்டது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

மற்ற நாடுகளில் சில கதவுகள் திறந்ததுண்டு. கென்யாவின் மாவ் மாவ் எழுச்சிக் காலத்தில் வதைக்கப்பட்ட 5,228 பேருக்கு 2013இல் பிரிட்டன் 19.9 மில்லியன் பவுன் வழங்க உடன்பட்டது. பிலிப்பீன்சில், 1901ஆம் ஆண்டு பாலாங்கிகா ஊர்த் தேவாலயத்திலிருந்து அமெரிக்கப் படையினர் எடுத்துச் சென்ற மூன்று மணிகள் 2018 டிசம்பரில் திரும்பி வந்தன. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அம்மக்கள் விடாமல் கேட்டிருக்கிறார்கள்.

ஆகவே கேட்பது வீண் அன்று. ஆயினும் இலண்டன் கொடுத்தால்தான் நியாயம் என்று காத்திருந்தால், நம் கையிலேயே இருக்கும் நியாயத்தை மறந்துவிடுவோம் என்பது என் கருத்து.

அதே கிள்ளான், வேறு முகங்கள்

1941இல் வேலைநிறுத்தம் நடந்த வட்டாரத்தில் இன்று வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் நிற்கின்றன. மேருவிலும் காப்பாரிலும் ஷா ஆலத்திலும் ஆலைகளில் வேலை செய்வோரில் பெரும்பகுதியினர் வங்காளதேசம், நேப்பாளம், மியன்மார், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். அந்தப் பட்டியலை இவர்களுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

சமக் கூலி: 2013இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பள ஆணை அந்நியத் தொழிலாளருக்கும் பொருந்தும். 2025இல் அது 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. சட்டத்தின் அளவில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் வீட்டுப் பணியாளருக்கு அந்த ஆணை பொருந்தாது.

வேலை நேரம்: 2023 சனவரி முதல் வாரத்திற்கு 45 மணி நேரம் என்று சட்டம் குறைத்தது. இங்கும் வீட்டுப் பணியாளருக்கு வேலை நேர வரம்பையும் வார ஓய்வையும் வேலைச் சட்டம் உறுதி செய்யவில்லை.

மருத்துவம்: அரசு மருத்துவமனையில் அந்நியத் தொழிலாளி குடிமகனைவிடப் பன்மடங்கு கட்டணம் செலுத்துகிறார். 2019 முதல் சொக்சோ பாதுகாப்பு கிடைத்திருப்பது ஓர் ஆறுதல்.

உறவினர்: அன்று உறவினர் தோட்டத்திற்குள் வரத் தடை இருந்தது. இன்றைய தற்காலிக வேலை அனுமதியில் வருபவர் மனைவி மக்களை அழைத்து வர முடியாது. இங்கே திருமணம் செய்துகொள்ளவும் முடியாது.

தங்குமிடம்: 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் முதலில் தோட்டத் தொழிலாளரையும் சுரங்கத் தொழிலாளரையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. அதாவது நம் லயங்களுக்காக. 2019இல் திருத்தப்பட்டு 2020 முதல் மற்றத் துறைகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. 2020 நவம்பரில் மேருவிலுள்ள டாப் குளோவ் கையுறை ஆலைத் தொழிலாளரிடையே கோவிட்-19 பரவி ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டபோதுதான், நெரிசலான விடுதிகளைப் பற்றி நாடு பேசியது. அதே ஆண்டு ஜூலையில் கட்டாய உழைப்பு ஐயத்தால் அந்நிறுவனத்தின் கையுறைகளுக்கு அமெரிக்கச் சுங்கத்துறை தடை விதித்திருந்தது. தொழிலாளர் தம் நாட்டு முகவர்களிடம் கொடுத்திருந்த பணத்திற்கு ஈடாக 100 மில்லியன் ரிங்கிட்டுக்கும் மேலான தொகையைத் திருப்பிக் கொடுக்க நிறுவனம் முன்வந்தது. 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. கடன்பட்டுக் கடல் கடந்து, அந்தக் கடனுக்கே உழைக்கும் நிலை நம் வரலாற்றில் நாம் நன்கு அறிந்ததுதான்.

பழிவாங்காமையும் சங்கமும்: அந்நியத் தொழிலாளர் தொழிற்சங்கத்தில் சேரலாம். ஆனால் அவருடைய வேலை அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது. முதலாளி அதை இரத்துச் செய்தால், நேற்றுவரை சட்டப்படி இருந்தவர் இன்று சட்டவிரோதக் குடியேறி ஆகிவிடுகிறார். கடப்பிதழும் முதலாளியின் மேசை இழுப்பறைக்குள் இருந்தால் பேச வாய் வருமா? பிறர் கடப்பிதழைச் சட்ட அதிகாரமின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். ‘பாதுகாப்புக்காக’ வாங்கி வைப்பதாகச் சொல்லும் முதலாளிகள் இன்னும் இருக்கிறார்கள். நாதனைக் கப்பலேற்றிய அதே ஆயுதம்தான் இது.

அனுப்பும் நாடு பேசும்போது

தொழிலாளியின் வாய் அடைக்கப்படும்போது அவனை அனுப்பிய நாடு பேச முடியும். 1938இல் மலாயாத் தோட்டக்காரர்கள் கூலியைக் குறைத்தபோது, அந்நிய ஆட்சியின் கீழ் இருந்த இந்திய அரசே உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்தது. 2009இல் இந்தோனேசியா, தன் பெண்கள் மலேசிய வீடுகளில் வதைக்கப்பட்ட நிகழ்வுகளைக் கண்டு, வீட்டுப் பணியாளரை அனுப்புவதை நிறுத்தியது. 2011இல் இரு நாடுகளும் உடன்பாடு கண்டன. வாரத்தில் ஒரு நாள் விடுப்பும், கடப்பிதழைப் பணியாளரே வைத்திருப்பதும் அதில் இடம்பெற்றன.

பிலிப்பீன்சு இன்னும் முன்னே சென்றது. 1995 மார்ச் மாதம் சிங்கப்பூரில் புளோர் கொந்தெம்பிளாசியொன் என்னும் பணிப்பெண் தூக்கிலிடப்பட்டபோது அந்நாடே கொதித்தெழுந்தது. அதே ஆண்டில் வெளிநாட்டுத் தொழிலாளரைக் காக்கத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் வீட்டுப் பணியாளருக்கு 400 அமெரிக்க டாலர் குறைந்தபட்சச் சம்பளம் என்று அந்நாடு நிபந்தனை விதித்தது. ஸ்பெயினிடமும் அமெரிக்காவிடமும் நெடுங்காலம் அடிமைப்பட்டிருந்த நாடு, தன் மக்களுக்கு இன்ன விலைக்குக் குறையாது என்று அந்நியரிடம் சொல்லக் கற்றுக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோலாலம்பூர் கோத்தா ராயா கட்டடத்தில் கூடும் பிலிப்பீனியப் பெண்களைப் பார்க்கும்போது, அந்த ஒரு நாள் விடுப்புக்குப் பின்னால் எத்தனை பேரம் நடந்திருக்கும் என்று நான் எண்ணுவதுண்டு. பல வீடுகளில் அந்த ஒரு நாளும் கிடைப்பதில்லை.

சொல்லில் தங்கிய துரைத்தனம்

மொழி பயிலும் நாம் சொற்களையும் கவனிக்க வேண்டும். தமிழில் ‘கூலி’ என்பது வேலைக்குக் கொடுக்கும் ஊதியம். காலனித்துவ ஏடுகளில் அது ஆளின் பெயராகிவிட்டது. வாங்கும் காசே மனிதனின் பெயரானது. இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் ‘அந்தப் பங்ளாவைக் கூப்பிடு’ என்கிறோம். நாட்டின் பெயரைச் சுருக்கி மனிதனுக்குச் சூட்டிவிட்டோம். ஓராண்டாக நம் அடுக்குமாடியைக் காவல் காக்கும் நேப்பாளியின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிரிக்பீல்ட்சில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். இரயில்வேத் தொழிலாளராக வந்த தமிழர்கள் வாழ்ந்து வளர்த்த இடம் அது. இன்று அங்குள்ள உணவகங்களிலும் முடிதிருத்தும் கடைகளிலும் வேலை செய்வோரில் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். நம் பாட்டன் பேசிய அதே தமிழைப் பேசுகிறார்கள். இலை போட வரும் இளைஞனைத் ‘தம்பி’ என்று அழைப்பவர் உண்டு. ‘டேய்’ என்று அழைத்து, தண்ணீர் வரத் தாமதமானால் ‘இந்த இந்தியாக்காரன்களே இப்படித்தான்’ என்று சலித்துக்கொள்பவரும் உண்டு. இரண்டையும் நான் பல முறை கேட்டிருக்கிறேன். நம்மை ‘வந்தேறி’ என்று யாராவது சொன்னால் நெஞ்சு கொதிக்கிறது. அந்தக் கொதிப்பு நியாயமானது. அதே சொல்லை வேறு வடிவில் நாம் பிறருக்குச் சொல்லும்போது அந்த நியாயம் எங்கே போகிறது?

‘கறுப்பு ஐரோப்பியர்’ என்னும் சொல்லுக்கு இப்போது வருகிறேன். 1941இன் தொழிலாளர்கள் அநீதியை வெள்ளைத் தோலில் மட்டும் காணவில்லை. துரையின் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அவர் துரையாகிவிடலாம் என்று அவர்கள் கண்டார்கள். காலனித்துவம் பற்றிப் பல நூல்கள் சொல்ல முயல்வதை, எழுதப் படிக்க வாய்ப்பில்லாதிருந்த பால்வெட்டுத் தொழிலாளர்கள் இரண்டே சொற்களில் சொல்லிவிட்டார்கள்.

முடிவுரை

நாம் இன்னும் முழு நியாயம் பெறாத சமூகம்தான். தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டு அடுக்குமாடியில் ஒடுங்கியவர்களும், அடையாள அட்டைக்கு அலைபவர்களும் நம்மிடையே உண்டு. அப்படியிருக்க மற்றவர் துன்பத்தை ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். மலிவான, வாய் திறக்க முடியாத உழைப்பு பக்கத்தில் இருக்கும்வரை உள்ளூர்த் தொழிலாளியின் சம்பளமும் உயராது. சீனருக்கு இணையான கூலி கேட்ட அன்றைய தமிழர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்தே கேட்டார்கள். அவர்களுடைய நியாயமும் நம்முடைய நியாயமும் ஒரே தராசில்தான் நிற்கின்றன.

பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேறும் நாம் துரையாகவோ கிராணியாகவோ ஆகக்கூடிய இடங்களுக்குத்தான் போகிறோம். மனிதவள அதிகாரி, பொறியியலாளர், வழக்கறிஞர், ஆசிரியர், கடை முதலாளி. முன்னாள் மாணவர்களில் பலர் ஏற்கெனவே அந்த இடங்களில் இருக்கிறார்கள். கடப்பிதழை அவரவரிடமே கொடுப்பது, வீட்டுப் பணிப்பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமையை விடுவது, சம்பளச் சீட்டை அவருக்குப் புரியும் மொழியில் தருவது, பெயரைக் கேட்டு அப்பெயரால் அழைப்பது. இவற்றில் எதற்கும் இலண்டன் நீதிமன்றத்தின் அனுமதி தேவையில்லை.

கலந்துரையாடலுக்கு

1. 12 கோரிக்கைகளில் இன்று உங்கள் வீட்டிலோ வேலையிடத்திலோ உள்ள ஓர் அந்நியத் தொழிலாளி எவற்றையெல்லாம் மீண்டும் எழுதுவார்?

2. வேலை அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்படாமல் இருந்தால் எவையெல்லாம் மாறும்? யார் அதை எதிர்ப்பார்கள், ஏன்?

3. உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள்: தோட்டத்தில் துரையின் முன் அவர்கள் எவ்வாறு நிற்க வேண்டியிருந்தது? அவர்கள் நினைவு தப்புமுன் அதைப் பதிவு செய்வது நம் பேரவையின் கடமை.